குளிர் அறையில் எட்டு புள்ளி ஒன்று

அவைக்குத் தலைமை ஏற்று, இந்த மாலைக்கே ஒரு மதிப்பைத் தந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே! ஆராய்ச்சியே அன்றாடமாய், அறிவே அணிகலனாய் மேடையில் வீற்றிருக்கும் அறிஞர் பெருமக்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்ட பேராசிரியர் அவர்களே! குடுவை கழுவிக் கழுவிக் கை வெளுத்த அக்காமார்களே! குளிர் அறையின் இயந்திரத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் தம்பிமார்களே! பெற்றவர்களே, பெரியவர்களே, பிள்ளையை மடியில் உறங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில், சுவரோரமாக, ஒன்பது வயது மகளோடு அமர்ந்திருக்கும் தையற்கார அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எழுந்து ஓட வாகாய் அமர்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு வணக்கம். சிரிக்காதீர்கள். முப்பது வருடமாகக் கேட்கிற பேச்சு. அவருக்கு அலுப்பு வராதா?

சற்று முன் இயக்குநர் ஐயா எனக்கு ஒரு கேடயம் தந்தார். அதில் பொன்னெழுத்தில் பொறித்திருப்பதை வாசித்தும் காட்டினார். “இருபத்து மூன்று ஆண்டுகள், ஒரு பிழையும் இன்றி.” நீங்கள் கைதட்டினீர்கள். கூரை அதிரக் கைதட்டினீர்கள். எனக்கோ அந்த ஒவ்வொரு தட்டலும் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. ஏன்? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன். சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். ஆனால் அவசரப்பட மாட்டேன், அவசரம் என் தொழிலுக்கு ஆகாது.

நான் யார்? நோயைத் தேடுகிறவள் அல்ல, மருந்தைக் கண்டவள் அல்ல. அவர்களுக்குக் கரைசல் கலக்கிக் கொடுப்பவள். தாங்கல் கரைசல் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். இந்த நிலையத்தில் பெரும்பாலான கரைசல்கள் ஏழரை என்ற அளவில் நிற்க வேண்டியவை. அதனால் எனக்குப் பெயரே ஏழரை. “ஏழரை வந்தாச்சா?” என்று காலையில் கேட்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய்ப் பார்ப்பார்கள். என் அக்கா ஒருநாள் தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, “என்னடி இது, வேற பேரே கிடைக்கலையா அவங்களுக்கு?” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இன்னும் கோபம் ஆறவில்லை, முகத்தைப் பாருங்கள்.

அது என்ன ஏழரை? தண்ணீர் புளிப்பின் பக்கம் சாய்கிறதா, காரத்தின் பக்கம் சாய்கிறதா என்று சொல்கிற ஓர் எண். பிஎச் என்பார்கள். ஏழு என்றால் நடு. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். எலுமிச்சை இரண்டுக்குப் பக்கத்தில் நிற்கும், சோப்புத் தண்ணீர் ஒன்பது பத்து என்று ஏறும். சும்மா இருக்கிற தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு அமிலம் விடுங்கள், எண் தடதடவென்று சரியும். தாங்கல் கரைசலில் அதே சொட்டை விடுங்கள். விழுந்த சொட்டு விழுந்த இடத்திலேயே அடங்கிவிடும், எண் அசையாது. சொட்டு வந்ததா என்று கேட்டால், வந்ததா என்று திருப்பிக் கேட்கும்.

அன்பர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் இப்போது அப்படி ஒரு கரைசலைச் சுமந்துகொண்டுதான் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இங்கே வருவதற்குப் பேருந்தின் பின்னால் ஓடி வந்தவர்கள் எத்தனை பேர்? ஓடும்போது தசையெல்லாம் அமிலத்தைக் கக்கியது. உங்கள் இரத்தம் அதை வாங்கிக்கொண்டது. மூச்சு வாங்கினீர்கள், அந்த மூச்சோடு பாதியை வெளியே அனுப்பியது. நீங்கள் இருக்கையைத் தேடி அமர்வதற்குள் இரத்தம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஏழு புள்ளி நான்கு! நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். அழுத நாளிலும் அதுதான், ஆடிய நாளிலும் அதுதான். யார் கேட்டார்கள் அதை? யார் நன்றி சொன்னார்கள் அதற்கு? யாருக்குத் தெரியும் அது உள்ளே ஓடிக்கொண்டிருப்பது?

அந்த உடம்பிலிருந்து ஒரு துளியை வெளியே எடுத்தால் என்ன ஆகும்? ஒரு நொதி, ஒரு புரதம், ஒரு செல். தாங்கிப் பிடிக்க இரத்தம் இல்லை. வெளிக்காற்று பட்டாலே வதங்கிப் போகும். அதற்கு நாங்கள் ஒரு பாட்டிலில் இன்னோர் உடம்பு செய்து வைக்கிறோம். உப்பு போட்டு, பொடி போட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றி. “இது உன் வீடுதான், பயப்படாதே” என்று அந்தத் துளியை நம்பவைக்கிறோம். அதை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது.

எனக்கு இந்த வேலை பிடித்தது அதனால்தான். காலையில் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு சின்னக் காந்தக் குச்சியைச் சுழல விடுவேன். தண்ணீரின் நடுவில் ஒரு சுழி விழும். வெள்ளைப் பொடியைச் சிறிது சிறிதாகத் தூவுவேன். முதலில் பனி மூட்டம் போல ஒரு வெண்மை, பிறகு இழை இழையாகப் பிரிந்து, நூல் நூலாய் மறைந்து, ஒன்றுமே இல்லாதது போலத் தெளிந்துவிடும். எங்கே போனது? எங்கும் போகவில்லை, எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ காலைகளைக் கண் திறந்தபடி கனவில் கழித்திருக்கிறேன். கரையே இல்லாத ஒரு கடல். அதில் அலை இல்லை, ஆழம் இல்லை. ஒரு சின்ன உயிர் மட்டும் மிதந்து மிதந்து போகிறது. “ஏழரை, ஏழரை!” என்று யாராவது கூப்பிட்டால்தான் கரைக்கு வருவேன்.

சத்தமாகவா? பின்னால் கேட்கவில்லையா? தம்பி, ஒலிபெருக்கியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இனி சொல்லப்போவது எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

குளிர் அறைக்குப் போகிற கரைசல்களை நான் குளிர் அறையிலேயே நின்றுதான் அளப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். முதல்நாள் கலக்கி உள்ளே வைத்துவிடுவேன். மறுநாள் காலை, அது நன்றாகக் குளிர்ந்த பிறகு, அங்கேயே வைத்திருக்கும் பிஎச் மீட்டரின் முன் நின்று, சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு ஏழரையில் நிறுத்துவேன். உள்ளே நான்கு டிகிரி. விரல் விறைக்கும், மூக்கு ஒழுகும். போகப் போக முழங்காலும் பிடித்துக்கொண்டது. போன வருடம் இயக்குநர் ஐயா ஒருநாள் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, அந்தக் குளிர்ல நின்னு எதுக்குக் கஷ்டப்படுறீங்க? வெயில் வர்ற அறை ஒண்ணு சும்மாதானே கிடக்கு? மீட்டரை அங்க போட்டுக்குங்க.”

அந்த அன்பை நான் மறக்க மாட்டேன், ஐயா. உங்கள்மேல் குற்றமே இல்லை. தவறு என்னுடையது. ஏனென்றால் நான் ஏன் குளிரில் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை மறந்தேன். பழகிப் பழகி, காரணம் கழன்று விழுந்துவிட்டது. மீட்டர் அங்கே இருக்கிறது, அதனால் அங்கே நிற்கிறேன் என்றே நினைத்துக்கொண்டுவிட்டேன்.

என்ன காரணம்? நாங்கள் போடுகிற அந்த வெள்ளைப் பொடிக்கு டிரிஸ் என்று பெயர். தங்கமான பொடி. அமிலம் வந்தால் தாங்கும், காரம் வந்தால் தாங்கும். ஒன்றே ஒன்றை மட்டும் தாங்காது: சூட்டிலிருந்து குளிருக்குப் போவதை. வெயில் அறையில் ஏழரை என்று அளந்த பாட்டிலை மூடி, முத்திரையிட்டு, குளிர் அறையில் வைத்தால் போதும். ஒரு சொட்டு விட வேண்டாம், ஒரு கை பட வேண்டாம். அது தானாகவே ஏறி எட்டைத் தாண்டிவிடும். ஒட்டிய சீட்டில் ஏழரை, உள்ளே வேறு. மீட்டர் பொய் சொல்லவில்லை, சீட்டும் பொய் சொல்லவில்லை. அளந்த இடம்தான் தப்பு.

வெயில் அறை எனக்குச் சொர்க்கமாக இருந்தது. சன்னல் ஓரத்தில் மேசை. பாட்டில்கள் வரிசையாய் நின்றால், ஒளி அவற்றில் புகுந்து சுவரில் தளதளவென்று ஆடும். முழங்கால் வலி போய்விட்டது. கனவு இன்னும் நீண்டது. இரண்டு மாதம் நான் அப்படி மிதந்தேன்.

அந்த இரண்டு மாதம், நடைக்கூடத்தின் மறுமுனையில் ஒருவர் மூழ்கிக்கொண்டிருந்தார்.

தசை நோய் பார்க்கும் நம் டாக்டரம்மா. இதோ மேடையில் இருக்கிறார். என்னைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டுகிறார். டாக்டரம்மா, நீங்க எவ்வளவு ஆட்டினாலும் சரி, இன்னைக்குச் சொல்லியே தீருவேன்.

ஒரு சிறுமிக்குத் தசையின் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. காரணம் இரண்டு நொதிகளில் ஒன்றாக இருக்கலாம். எது என்று தெரிந்தால் மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்து போன பலத்தைத் திருப்பித் தராது, மிச்சம் இருப்பதைத்தான் பிடித்து வைக்கும். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரு விலை. அவள் தொடையிலிருந்து ஒருமுறை சிறு தசைத் துண்டு எடுத்தார்கள். மறுபடி மயக்க மருந்து கொடுத்து எடுக்க அவள் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் துண்டைக் கரைத்துப் பன்னிரண்டு சிறு குழாய்களில் வைத்திருந்தார் டாக்டரம்மா. அவ்வளவுதான் இருப்பு.

குழாயைத் திறந்து, என் கரைசலில் ஒரு நாள் முழுக்கக் குளிர் அறையில் ஊறவைத்து, பிறகு சோதிக்க வேண்டும். அந்த இரண்டில் முதல் நொதிக்கு உயிர் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். வரவில்லை. நல்ல உடம்புள்ள ஒருவரின் தசையை ஒப்பிட வைத்திருந்தார், அதிலும் வரவில்லை. இரண்டாம் முறை வரவில்லை. மூன்றாம் முறை வரவில்லை. வழிமுறையை மாற்றினார், நாளை மாற்றினார், கை உறையைக்கூட மாற்றினார். மாற்றாதது ஒன்றே ஒன்று. என் கரைசல்! அதை ஏன் சந்தேகப்பட வேண்டும்? அதைப் போட்டது ஏழரையம்மா ஆயிற்றே! ஏழரையம்மா தப்பே செய்ய மாட்டாரே! இந்தக் கேடயத்தில் இருக்கிற வரி இருக்கிறதே, அது அன்றைக்கே எல்லோர் மனத்திலும் எழுதியிருந்தது. அந்த நம்பிக்கை பதினொரு குழாய்களைத் தின்றது.

“இவங்க வழிமுறையே சரியில்ல” என்று உணவுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே இருந்தேன். நானும் “ஐயோ பாவம்” என்று சொன்னேன். ஐயோ பாவம்! வாய் கூசாமல் சொன்னேன்.

பன்னிரண்டாவது குழாயைத் திறக்கும் நாள் வந்தது. காலை பத்து மணிக்குத் திறப்பதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து வெயில் அறையில் மின்சாரக்காரர்கள் சுவரை நோண்டிக்கொண்டிருந்தார்கள். விளக்கு இல்லை, மீட்டருக்கு மின்சாரம் இல்லை. குளிர் அறையில் மட்டும் இருந்தது. அலுத்துக்கொண்டே மீட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அலமாரியில் என் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. சும்மா, மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டிலில் முனையைத் தோய்த்தேன்.

எட்டு புள்ளி ஒன்று.

முனையைக் கழுவினேன். மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரி. மறுபடி பாட்டில். எட்டு புள்ளி ஒன்று. அடுத்த பாட்டில், எட்டு புள்ளி ஒன்று. அதற்கடுத்தது, எட்டு புள்ளி ஒன்று. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் ஏழரை, ஏழரை, ஏழரை. எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இருபது வருடமாகத் தெரிந்ததுதானே!

இனி சொல்வதுதான் சொல்வதற்குக் கடினம். மணி ஒன்பதே முக்கால். அமிலச் சொட்டுக்குப்பி என் கையில் இருந்தது. அறையில் யாரும் இல்லை. டாக்டரம்மாவின் பாட்டில் எதிரில் இருந்தது. சொட்டுச் சொட்டாய் விட்டுக்கொண்டே போனால் எண் ஏழரைக்கு இறங்கிவிடும். மூடி வைத்துவிடலாம். பன்னிரண்டாவது குழாய் பிழைத்துவிடும், மஞ்சள் வந்துவிடும். எல்லோரும் அதிசயம் என்பார்கள். என் பெயரும் பிழைத்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பிழை. மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். ஒரு சொட்டு குப்பியின் நுனியில் திரண்டு நின்றது. விழவில்லை, தொங்கிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பழகிய அந்தக் கனவு மறுபடி வந்தது. கரையில்லாக் கடல், அதில் மிதக்கிற சின்ன உயிர். முதல்முறையாக அதற்கு முகம் இருந்தது. ஒன்பது வயது முகம். அது என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

பதினொரு தோல்விக்கு நடுவில் காரணம் தெரியாத ஒரு வெற்றி வந்தால், மருந்து கொடுக்க முடிவு செய்கிற குழு அதை நம்புமா? ஏன் இப்போது மட்டும் வந்தது என்று கேட்பார்களே, டாக்டரம்மா என்ன சொல்வார்? நான் வாய் மூடியிருந்தால் அந்த வெற்றிக்கு அர்த்தமே இல்லை. குப்பியைக் கீழே வைத்தேன். முழங்கால் வலியோடு ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டீர்கள்.

“டாக்டரம்மா, திறக்காதீங்க!”

குழாய் அவர் விரல்களுக்கு நடுவில் இருந்தது. “என்னாச்சு?”

“என் கரைசல் தப்பு. எல்லா பாட்டிலும் தப்பு. ரெண்டு மாசமா தப்பு. வெயில்ல வச்சு அளந்துட்டேன்.”

அவர் குழாயைப் பனிக்கட்டியில் திரும்ப வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ரெண்டு மாசமா நான் தூங்கல” என்றார். “கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க.”

நின்றேன். கால் மணி நேரம் நடைக்கூடத்தில் நின்றேன். எத்தனை நீளமான கால் மணி நேரம்! பிறகு கதவு திறந்தது. அவர் கண் சிவந்திருந்தது. “உள்ள வாங்க. எந்தெந்தத் தேதி, எந்தெந்தப் பாட்டில்? ஒண்ணு விடாம எழுதுங்க” என்றார். எழுதினேன். அன்றே புதுக் கரைசல் கலக்கிக் குளிரவைத்து, மறுநாள் குளிர் அறையில் நின்று அளந்தேன், பக்கத்தில் அவரும் நின்றார். அதற்கு அடுத்த நாள் மஞ்சள் வந்தது. நல்ல உடம்புக்காரரின் குழாயில் பளிச்சென்று, சிறுமியின் குழாயில் மெல்லிய, மிக மெல்லிய மஞ்சள். அந்த மெல்லிய மஞ்சள்தான் விடை. அவளிடம் குறைவது அந்த நொதிதான் என்று தெரிந்தது. பழைய தவறான கரைசலிலும் நல்ல உடம்பின் நொதியைப் போட்டுப் பார்த்துக் காட்டினார், அது அதே மாதிரி செத்தது. குழு நம்பியது. மருந்து தொடங்கியது.

குழுவுக்கு அவர் எழுதிய கடிதத்தில், “கரைசலின் வெப்பநிலையில் ஏற்பட்ட பிழை” என்று மட்டும் இருந்தது. யார் பிழை என்று இல்லை. வீட்டாருக்கும், “சோதனை கொஞ்சம் தாமதமாயிடுச்சு” என்று மட்டும் சொன்னார். என்னைக் காத்தார். நானும் அதில் ஒளிந்துகொண்டேன். எட்டு மாதமாய்!

கைதட்டாதீர்கள். தயவுசெய்து இந்த இடத்தில் கைதட்டாதீர்கள்.

தாங்குவது பெரிய குணம் என்று மேடைதோறும் பேசுகிறோம். பொறுத்துப் போவது பெருமை, வெளியே காட்டாமல் இருப்பது பெருமை என்கிறோம். நான் இருபத்து மூன்று வருடம் தாங்குவதையே கலக்கிப் பாட்டிலில் அடைத்தவள் சொல்கிறேன், கேளுங்கள். எதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாய் நிற்பதில்லை! எங்கே வைத்து அளந்தோம் என்று சொல்லாத எண், எண்ணே இல்லை! தப்பே செய்யாதவர் என்று ஒருவரைத் தூக்கி வைத்தால், அவரிடம் போய் யாரும் சரிபார்க்க மாட்டார்கள். சரிபார்க்காத இடத்தில்தான் ஒரு குழந்தையின் இரண்டு மாதம் தொலைந்தது. என்னை மதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னை அளந்துவிட்டு மதியுங்கள்! நாளைக்கும் அளங்கள், நாளை மறுநாளும் அளங்கள்!

தையற்கார அம்மா, இதை உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தெருவரை மூன்று முறை வந்தேன். தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டேன். தாமதம் சோதனையால் இல்லை, என்னால். அந்த இரண்டு மாதத்தை உங்கள் மகளிடமிருந்து எடுத்தது என் கை.

எழுந்து நிற்கிறீர்கள். சொல்லுங்கம்மா.

பின்னால் கேட்கவில்லை என்கிறார்கள். அம்மா சொன்னதை நானே ஒலிபெருக்கியில் சொல்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்கிறேன். “அந்த ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவ படி ஏறுவா. இப்போ ஏற மாட்டா. அதை இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்.” சொல்லாதீங்கம்மா. சொல்ல வேண்டாம். “நீங்க அன்னைக்கு ஓடி வரலேன்னா இன்னைக்கு இவ நடக்கவும் மாட்டா. அதையும் நான் மறக்க மாட்டேன். ரெண்டும் இருக்கட்டும்.” ரெண்டும் இருக்கட்டும் என்கிறார், அன்பர்களே. எனக்கு வேறென்ன வேண்டும்?

பக்கத்தில் சின்னவள் என்னவோ கேட்கிறாள். என்ன தங்கம்? “என் குழாயில வந்த மஞ்சளை எனக்குக் காட்டுவீங்களா?” காட்டுகிறேன். படம் எடுத்து வைத்திருக்கிறேன், எட்டு மாதமாக என் பையிலேயே இருக்கிறது.

இயக்குநர் ஐயா, கேடயத்தை இந்த மேசைமேல் வைக்கிறேன். “ஒரு பிழையும் இன்றி” என்ற இரண்டாவது வரியை அழித்துவிட்டுக் கொடுங்கள், ஆசையோடு வாங்கிக்கொள்கிறேன். வாய்ப்புத் தந்த அவைக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கு நன்றி. எழுந்து ஓடாமல் இருந்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

வராதே தங்கம், நீ உட்கார்ந்தே இரு. இந்த மேடைக்கு ஐந்து படி இருக்கிறது. நான் இறங்கி வருகிறேன்.